இயல் 6: மண் தந்த பெயர், கதை தந்த முகம்
நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் ஒரு மாயக்கதை நாவலைப் படிப்பது எப்படி?

மங்கலம்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்காக இந்த இயல் எழுதப்பட்டுள்ளது. விருத்தாசலம் – உளுந்தூர்ப்பேட்டைச் சாலையின் இருபுறமும் உள்ள பள்ளிகளில் பல சிறிய பள்ளிகள். ஓராசிரியரே இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்துவதும் உண்டு. அப்படிப்பட்ட வகுப்பறையிலும் ஒரு முழு நாவலைப் படித்து முடிக்க முடியும். மூன்று வாரம், நாளுக்கு ஒரு பாடவேளை போதும்.

மாயக்கதையைக் கையில் எடுத்ததும் நாம் இரண்டு விதமாக அவசரப்படுகிறோம். “இதெல்லாம் நடக்காதுப்பா, சும்மா கதை” என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இல்லையென்றால் கடைசிப் பக்கம் முடிந்த கையோடு, “இதிலிருந்து நாம் அறியும் நீதி என்ன?” என்று கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். முதலாவது, குழந்தையைக் கதைக்குள் போகவே விடுவதில்லை. இரண்டாவது, உள்ளே போன குழந்தையைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறது. இந்த இயல் சொல்லும் வழி வேறு. குழந்தைகள் கதைக்குள் தாராளமாக உலவட்டும். உலவிக்கொண்டே, இதில் எது கண்டெடுக்கப்பட்டது, எது ஊகம், எது எழுத்தாளர் கற்பனை என்பதை அவர்களே பிரித்துப் பார்க்கட்டும். பிரித்துப் பார்ப்பதால் மாயம் குறையாது. ஒரு சிறு பானை ஓட்டிலிருந்து ஒரு முழுப் பையனையே எழுப்பிவிட முடிகிறதே என்ற வியப்பு அப்போதுதான் வரும்.

எந்த நூல், ஏன்?

இந்த இயலுக்கு நாம் எடுத்துக்கொள்வது உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. உதயசங்கர் கோவில்பட்டிக்காரர். ரயில்வேயில் நிலைய அதிகாரியாகப் பணியாற்றியவர். சிறார்களுக்காக நிறைய எழுதியும் மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்தும் வருபவர். இந்த நாவலுக்கு 2023-ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் விருது கிடைத்தது. கதையின் கரு எளிது. நம் காலத்துச் சிறுவன் ஒருவன் கீழடிக்குப் போகிறான். அங்கே ஒரு பொம்மையின் வழியாக, பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆதன் என்ற சிறுவனோடு அவனுக்கு உறவு ஏற்படுகிறது. இதற்கு மேல் கதையை இங்கே சொல்லப்போவதில்லை. நீங்களும் குழந்தைகளிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

கீழடி சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்குப் பக்கத்தில், வைகைக் கரையோரம் இருக்கிறது. 2014-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதைத் தொடர்ந்தது. 2019-இல் மாநிலத் துறை வெளியிட்ட அறிக்கை, அங்கே கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று கரிமப் பகுப்பாய்வின்படி அறிவித்தது. பானை ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று ஆதன். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

ஆக, நாவலின் நாயகன் பெயர் மண்ணிலிருந்து வந்தது. அந்த ஆதன் யார், குழந்தையா, கிழவரா, குயவரா, வணிகரா என்று மண் சொல்லவில்லை. பெயரை மட்டும் தந்துவிட்டு மண் நின்றுவிடுகிறது. அந்த இடத்திலிருந்து எழுத்தாளர் தொடங்குகிறார். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆதாரத்தையும் கற்பனையையும் ஒரே நூலில் அருகருகே காட்டுவதற்கு இதைவிடத் தோதான வாய்ப்பு எளிதில் அமையாது.

கீழடியின் கதையில் ஒரு பள்ளி ஆசிரியரும் இருக்கிறார். 1970-களில் அவ்வூர்ப் பள்ளியில் வரலாறு நடத்திய பாலசுப்பிரமணியம், மாணவர்கள் கொண்டுவந்து காட்டிய பழம்பொருள்களை அலட்சியப்படுத்தாமல் தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலத்திடம் தெரிவித்தார். பிள்ளைகள் கையில் கொண்டுவரும் எதையும் நின்று பார்க்கிற ஆசிரியரால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. இந்த நாவலைத் தொடங்கும் முன் இதைக் குழந்தைகளிடமும் சொல்லுங்கள்.

தொடங்கும் முன்

1. நூலை நீங்கள் இரண்டு முறை படியுங்கள். முதல்முறை வாசகராக, ஒரே மூச்சில். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. வாசிப்பை எங்கே நிறுத்தினால் குழந்தைகள் “அப்புறம்?” என்று கேட்பார்களோ அங்கே ஒரு கோடு. ஏதாவது பொருள் வரும் இடத்தில் (பானை, கிணறு, அணிகலன், விளையாட்டுச் சாமான்) ஒரு வட்டம். அகராதி தேவைப்படும் சொல்லுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் ஒரு பக்கத்தில் ஐந்தைத் தாண்டினால், வாசிக்கும்போது அப்பகுதியை நிதானமாக எடுத்துச் செல்லுங்கள்.

2. உங்களிடம் ஒரு பிரதியும், நான்கு குழந்தைகளுக்கு ஒன்று வீதமும் இருந்தால் நல்லது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள். ஒரே ஒரு பிரதிதான் என்றாலும் வேலை நடக்கும். இந்த முறையின் அடிப்படை சத்தமாக வாசித்துக் காட்டுவதுதான்.

3. வேண்டிய பொருள்கள்: மூன்று மீட்டர் சணல் கயிறு, வண்ணத் துணித் துண்டுகள், உடைந்த பானை அல்லது கூரை ஓட்டுத் துண்டுகள், மழுங்கிய ஆணிகள், இரண்டு சார்ட் தாள்கள், தமிழி எழுத்து அட்டவணை, தமிழ்நாட்டு வரைபடம். ஓட்டுத் துண்டுகளின் விளிம்பை நீங்களே முன்னாலேயே சிமெண்ட் தரையில் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

4. மதிய உணவுக்குப் பின் வரும் முதல் பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். அசதி தட்டும் நேரத்தைக் கதை தட்டி எழுப்பும்.

வாசிப்புத் திறன் வகுப்புக்குள் ஒரே சீராக இருக்காது. அரசின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. ‘நட’ படியில் நிற்கும் குழந்தையால் நாவலைத் தானாகப் படிக்க முடியாது. ஆனால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும், பேச முடியும், வரைய முடியும். வாசிக்கத் தடுமாறும் குழந்தை கதையைப் பற்றிப் பேசுவதில் முந்தி நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். நாவல் வகுப்பில் அந்தக் குழந்தைக்கு முதல் வரிசை கிடைக்க வேண்டும்.

முதல் நாள்: கயிறு

ஒன்பது வயதுக் குழந்தைக்கு 2600 ஆண்டு என்றால் ஒன்றும் புரியாது. சணல் கயிற்றை வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து கட்டுங்கள். நூறு ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனை இன்று. அங்கிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு துணியைக் கட்டினால், அது பத்து வயதுக் குழந்தையின் வாழ்நாள். ஏழு சென்டிமீட்டரில் எழுபது வயது ஆயா. எட்டு சென்டிமீட்டருக்குச் சற்று முன் நாடு விடுதலை பெற்ற 1947. அரை மீட்டரைச் சற்றே தாண்டினால் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கிய 1498. ஒரு மீட்டரில் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த காலம், 1010. இரண்டு மீட்டர் அறுபது சென்டிமீட்டரில் சிவப்புத் துணி. அது கீழடி.

கட்டும் வேலை முழுவதையும் குழந்தைகள் கையில் விடுங்கள். அளவுகோல் பிடிப்பதும் கணக்குப் போடுவதும் அவர்களே. தன் வாழ்நாள் ஒரு விரற்கடைகூட இல்லை என்று பார்த்த குழந்தை, சிவப்புத் துணி வரை நடந்து போய்த் திரும்பிப் பார்க்கும். அந்தக் கயிறு மூன்று வாரமும் அங்கேயே இருக்கட்டும். பின்னால் இன்னொரு வேலைக்கும் உதவும்.

இரண்டாம் நாள்: ஓடு

ஆளுக்கொரு ஓட்டுத் துண்டும் ஆணியும் கொடுங்கள். தமிழி அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். முதலில் நீங்கள் ‘ஆதன்’ என்று எழுதிக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் பெயரைக் கீறட்டும். பெயரின் ஓசைக்கு நேரான எழுத்து அட்டவணையில் இல்லையென்றால், பக்கத்து ஓசையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று அந்தக் குழந்தை பக்கத்தில் இருப்பவரோடு விவாதிப்பதே ஒரு மொழிப் பாடம்.

ஓட்டில் கீறுவது தாளில் எழுதுவதைப் போல வழுக்கிக்கொண்டு போகாது. ஆணி சறுக்கும், கோடு கோணும், செம்பொடி உதிர்ந்து விரலில் ஒட்டும். வளைவு வரவே வராது, நேர்கோடுதான் வசப்படும். தமிழி எழுத்துகளில் ஏன் இவ்வளவு நேர்கோடுகள் என்று யாராவது கேட்டால், “நீயே இப்ப கீறிப் பார்த்தியே, உனக்கு என்ன தோணுது?” என்று திருப்பிக் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் எல்லா ஓடுகளையும் ஒரு மண்சட்டியில் போட்டுக் கலக்குங்கள். ஒருவர் ஓர் ஓட்டை எடுத்துப் பெயரை வாசிக்கட்டும். பிறகு இப்படிக் கேளுங்கள்: “இந்தப் பெயர் மட்டும்தான் கிடைச்சிருக்கு. ஆளை யாருக்கும் தெரியாது. இதை வச்சு என்னென்ன சொல்லலாம்? என்னென்ன சொல்ல முடியாது?” எழுதத் தெரிந்த ஒருவர் இதைக் கீறியிருக்கிறார் என்று சொல்லலாம். பெயருக்குரியவர் இந்தப் பானையோடு ஏதோ தொடர்பு உள்ளவர் என்று சொல்லலாம். உயரமா குட்டையா, கோபக்காரரா சிரிப்பவரா என்று சொல்ல முடியாது. நாவலின் வாசல் இதுதான். மறுநாள் முதல் பக்கத்தைத் திறங்கள்.

வாசிக்கும் நாட்கள்

ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் நோட்டு. குரலை நாடகமாக ஏற்றி இறக்க வேண்டாம். வீட்டில் யாரோ கதை சொல்கிற குரல் போதும். உரையாடல் வரும்போது மட்டும் ஆளுக்கேற்ப வேகத்தை மாற்றுங்கள். நிறுத்தக் கோடு வந்ததும் நூலை மூடிவிடுங்கள், கெஞ்சினாலும் திறக்காதீர்கள். அந்த ஆவலை மறுநாள் வரை காப்பாற்றுவது ஆசிரியரின் திறமை.

நூலைக் கொடுத்து “எல்லாரும் ஆளுக்கொரு பத்தி சத்தமா படிங்க” என்று வரிசையாகப் படிக்க வைப்பது வேண்டாம். தடுமாறும் குழந்தைக்கு அது தண்டனை, மற்றவர்களுக்குக் கதை அறுந்து போகும். அதற்குப் பதில், நீங்கள் வாசித்து முடித்த பக்கத்தையே மறுநாள் காலை இருவர் இருவராகச் சேர்ந்து மெதுவாகப் படிக்கட்டும். ஏற்கெனவே காதில் விழுந்த வாக்கியம் கண்ணுக்கும் சீக்கிரம் பிடிபடும்.

மூன்றாம் வகுப்பும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் அவர்களையும் கேட்க விடுங்கள். அவர்கள் எழுத வேண்டாம். அன்று கேட்ட பகுதியில் ஒரு பொருளைக் களிமண்ணில் செய்யட்டும். கீழடியில் சுடுமண் உருவங்களும் பகடைக்காய்களும் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்திருக்கின்றன. பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. நம் பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் கட்டம் கிழித்து நொண்டியடிக்கும்போது எறியும் அதே சில்லு. இதைச் சொன்ன நாளில் வகுப்பை வெளியே விட்டு ஒரு சுற்று ஆடவிடுங்கள்.

“நெசமாவே நடக்குமா டீச்சர்?”

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இப்படி எடுத்துச் செல்லலாம்:

“டீச்சர், அந்தக் காலத்துக்கு நெசமாவே போவ முடியுமா?”

“இந்தப் புத்தகத்துக்குள்ள முடியுது. எப்படி முடியுதுன்னு கவனிச்சியா?”

“பொம்ம இருந்தாத்தான் முடியும்.”

“சரி. பொம்மை இல்லாம யாராவது போனாங்களா? இனிமே போனா நாம விடலாமா?”

“விடக் கூடாது டீச்சர். அது ஏமாத்து.”

மாய உலகத்துக்கும் சட்டம் உண்டு என்று அந்தக் குழந்தை தானே கண்டுபிடித்துவிட்டது. முதல் சார்ட் தாளில் ‘இந்தக் கதையின் சட்டங்கள்’ என்று தலைப்பிடுங்கள். எப்படிப் போவது, எப்படித் திரும்புவது, யார் கண்ணுக்கு யார் தெரிவார்கள், இங்கிருந்து எதைக் கொண்டுபோகலாம், அங்கிருந்து எதைக் கொண்டுவரலாம் என்ற ஐந்து கேள்விகளுக்கும் கீழே இடம் விடுங்கள். வாசிக்க வாசிக்கக் குழந்தைகள் பக்க எண்ணோடு நிரப்பட்டும். சட்டம் மீறப்பட்டதாக யாராவது சந்தேகப்பட்டால், பக்கத்தைப் புரட்டிச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. ஒரு பக்கத்தை மூன்றாம் முறை திரும்பப் படிக்க வைக்க இதைவிட நல்ல காரணத்தை நாம் கொடுக்க முடியாது.

“பொய்” என்ற சொல்லை மட்டும் வகுப்பில் தவிருங்கள். பொய் என்பது ஏமாற்றுவதற்காகச் சொல்வது. கதாசிரியர் யாரையும் ஏமாற்றவில்லை. நாவல் என்று அட்டையிலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். பத்து வயதுக்குள் இந்த வேறுபாடு தெரிந்த குழந்தை, பிற்காலத்தில் கைபேசியில் வரும் செய்தியைப் பார்த்து, “இது எங்கே கிடைத்தது?” என்று கேட்கும்.

மூன்று கட்ட நோட்டு

இந்த இயலின் முதுகெலும்பு இது. நோட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்து மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: ‘மண்ணில் கிடைத்தது’, ‘ஊகித்தது’, ‘எழுத்தாளர் கற்பனை’. நான்காம் வகுப்புக்கு முதல் வாரம் நடுக்கட்டம் வேண்டாம். இரண்டு கட்டத்தோடு தொடங்கி, குழப்பம் வரும் இடத்தில் நடுக்கட்டத்தைத் திறங்கள். குழப்பம் சீக்கிரமே வந்துவிடும்.

மாதிரிக்குச் சில:

• ‘ஆதன்’ என்று கீறிய ஓடு: மண்ணில் கிடைத்தது. அந்த ஊரில் சாதாரணப் பாத்திரத்திலும் பெயர் எழுதும் பழக்கம் இருந்தது: ஊகம். ஆதன் ஒரு சிறுவன்: கற்பனை.

• பகடைக்காய்: மண்ணில் கிடைத்தது. மக்களுக்கு விளையாட நேரம் இருந்தது: ஊகம். இன்னார் இன்னாரோடு ஆடித் தோற்றார்: கற்பனை.

• உறைகிணறு: மண்ணில் கிடைத்தது. நீரை ஊறவைத்து எடுக்கும் நுட்பம் தெரிந்தவர்கள்: ஊகம். கிணற்றடியில் நடந்த பேச்சு: கற்பனை.

• தக்களி: மண்ணில் கிடைத்தது. நூல் நூற்றார்கள், நெய்தார்கள்: ஊகம். யாருக்கு எந்த நிறத்து உடை: கற்பனை.

ஊகத்துக்கும் கற்பனைக்கும் நடுவே சண்டை வரும். வரட்டும். “அந்தப் பையன் பொம்மைய வச்சு விளையாடினான்னு சொல்றது ஊகமா, கற்பனையா?” என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அந்தச் சுடுமண் உருவம் விளையாட்டுச் சாமானா, வழிபாட்டுப் பொருளா என்று பெரியவர்களுக்கே ஒவ்வொரு முறையும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இரு தரப்பும் காரணம் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே விதி. காரணம் சொன்னால் இரண்டு பேருக்கும் மதிப்பெண்.

ஆதன் நம்மூருக்கு வந்தால்

பாதி நாவல் முடிந்த கட்டத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். கதையில் நம் காலத்துப் பையன் அங்கே போகிறான். தலைகீழாக, ஆதன் மங்கலம்பேட்டைக்கு வந்தால்? பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வரை வகுப்பே அவனை அழைத்து வரட்டும். எதை அவன் உடனே அடையாளம் காண்பான், எதைப் பார்த்து மிரள்வான்? மண்பானை, வயல், மாடு, ஐயனார் கோயிலின் சுடுமண் குதிரை, நொண்டிச் சில்லு ஒரு பக்கம். மின்விளக்கு, கைபேசி, விருத்தாசலத்தில் நிற்கும் ரயில் இன்னொரு பக்கம். விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட பொம்மை ஒன்று கிடைத்தால் மேசையில் வையுங்கள். களிமண்ணும் நெருப்பும் ஆதனுக்குத் தெரியும். அந்த வழவழப்பு அவனுக்குப் புதிது.

அடுத்தது சாப்பாடு. இங்கே கயிறு மறுபடி வேலைக்கு வரும். ஆதனுக்கு மத்தியானச் சோறு போட வேண்டும் என்று சொல்லுங்கள். குழந்தைகள் பட்டியல் போடுவார்கள்: சோறு, தக்காளி ரசம், மிளகாய் போட்ட குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல், வறுத்த மல்லாட்டை, முந்திரிப் பருப்பு. இப்போது கயிற்றின் பக்கம் போங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மல்லாட்டை, முந்திரி எல்லாமே தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்தவை. ஐரோப்பியர் கப்பலேறி வரத் தொடங்கிய பிறகே, அதாவது கயிற்றில் அரை மீட்டர் துணிக்கு இப்பால்தான், அவை இந்த மண்ணுக்கு வந்தன. நம் வட்டாரத்தின் செம்மண்ணில் எங்கு பார்த்தாலும் நிற்கிற முந்திரி மரத்தை ஆதன் கண்டதே இல்லை! இந்தச் செய்தி முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிய பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

பிறகு பட்டியலைத் திருத்தட்டும். சோறு இருக்கலாம். மிளகாய்க்குப் பதில் மிளகு. பால், தயிர், தேன், மீன் இருக்கலாம். வீட்டில் ஆயாவிடமோ நன்னியிடமோ கேட்டு, மிளகாயும் தக்காளியும் இல்லாமல் சமைக்கும் ஒரு பதார்த்தத்தின் செய்முறையை எழுதி வருவது அன்றைய வீட்டுப்பாடம். கதையில் பசிக்கும் பையனுக்குச் சாப்பாடு தேடப் போய், அறிவியலும் வரலாறும் ஒரே தட்டில் வந்து சேர்ந்துவிடும்.

பிராது எழுதுவோம்

நாவலை முடித்ததும் ‘கதைச் சுருக்கம் எழுதுக’ வேண்டாம். நம் பகுதிக்கே உரிய ஓர் எழுத்து வடிவம் கையில் இருக்கிறது. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், மனக்குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டும் வழக்கம் இன்றும் உண்டு. பிள்ளைகள் பலர் பெரியவர்களோடு போய்ப் பார்த்திருப்பார்கள். பிராது என்பது அழுத்தமான எழுத்து. யார் எழுதுகிறார், யாருக்கு, என்ன நடந்தது, என்ன வேண்டும் என்ற நான்கும் சுருக்கமாக, தெளிவாக இருந்தாக வேண்டும்.

கதை மாந்தர் ஒருவர் பெயரில் குழந்தைகள் பிராது எழுதட்டும். ஆதன் எழுதலாம்: என் பானையை என்னைக் கேட்காமல் தோண்டி எடுத்துவிட்டார்கள். பொம்மை எழுதலாம்: இத்தனை காலம் இருட்டில் கிடந்தேன், யாரும் தேடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பகடைக்காய்கூட எழுதலாம்: என்னை யாரும் உருட்டுவதில்லை. கோயில் வடிவம் வேண்டாம் என்று எண்ணும் குடும்பத்துக் குழந்தைகள் பேரூராட்சித் தலைவருக்கோ அருங்காட்சியக அலுவலருக்கோ மனுவாக எழுதட்டும். வடிவம் எதுவானாலும் அந்த நான்கு கூறுகளும் கட்டாயம். இதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். வகுப்பில் ஒரு கயிறு கட்டி அதில் தொங்கவிட்டு, ஒருவர் பிராதுக்கு இன்னொருவர் பதில் எழுதச் சொல்லுங்கள்.

வகுப்புக்கு வெளியே

கீழடி நமக்குத் தொலைவு. ஆனால் நம் கடலூர் மாவட்டத்திலேயே மருங்கூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2024-இல் அகழாய்வு நடத்தியது. வரைபடத்தில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். பயணம் சாத்தியமானால் கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம். கையில் மூன்று கட்ட நோட்டு இருக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளின் முன்னால் நின்று முதல் இரண்டு கட்டத்தை அங்கேயே நிரப்ப வேண்டும். மூன்றாவது கட்டத்தைப் பள்ளிக்குத் திரும்பி நிரப்பலாம்.

இந்த நாவலைப் படித்த பிள்ளைகளுக்கு மண்ணைத் தோண்டிப் பார்க்கும் ஆசை வரும். கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: தோண்டக் கூடாது. தோண்டி எடுத்துவிட்டால், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற பாதிச் செய்தி அழிந்துபோகும். வயலிலோ ஏரிக்கரையிலோ பழைய ஓடு, மணி, காசு கண்ணில் பட்டால், இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். ஆசிரியர் கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

எதை மதிப்பிடுவது?

கதாபாத்திரங்களின் பெயரைக் கேட்டுத் தேர்வு வைக்காதீர்கள். வளரறி மதிப்பீட்டுக்கு மூன்றை மட்டும் பாருங்கள்.

• கதையை, கேட்காத ஒருவருக்குத் தன் சொற்களில் தொடர்ச்சியாகச் சொல்ல முடிகிறதா? இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லச் சொன்னால் தெரிந்துவிடும்.

• ஒரு செய்தியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று காரணத்தோடு முடிவெடுக்க முடிகிறதா?

• கதையின் சட்டத்துக்குள் நின்று ஒரு புதிய நிகழ்ச்சியைக் கற்பனை செய்ய முடிகிறதா?

மூன்றில் இரண்டு வந்துவிட்டால் வெற்றி. மூன்றாவது அடுத்த நூலில் வரும்.

அடுத்து என்ன?

இதே முறையை வேறு மாயக்கதைகளுக்கும் பயன்படுத்தலாம். கடலூரில் வாழும் பள்ளி ஆசிரியர் ஆயிஷா இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ 2014-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல். வேதாளக் கதையின் சட்டகத்துக்குள் அறிவியல் சொல்வது. மூன்று கட்ட நோட்டில் முதல் கட்டத்தின் தலைப்பை ‘அறிவியல் நிரூபித்தது’ என்று மாற்றினால் போதும்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-இல் அதே விருதைப் பெற்றது. பேசும் மரப்பாச்சிப் பொம்மை வழியாக, குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பேசும் நாவல். ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டிய நூல்தான். ஆனால் தயாரிப்பு இல்லாமல் எடுக்காதீர்கள். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டிப் பேசுங்கள். 1098 என்ற உதவி எண்ணை வகுப்பில் எழுதி வையுங்கள். வாசிப்புக்குப் பின் ஒரு குழந்தை தனியாக வந்து ஏதேனும் சொன்னால், குறுக்கே பேசாமல், சந்தேகப்படாமல் கேளுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்த பிறகு புகார் அளிக்காமல் இருப்பது குற்றம்.

அடுத்த நூலை இம்முறை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். மூன்று நூல்களை மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றின் முதல் இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டுங்கள். குழந்தைகள் வாக்களிக்கட்டும். வாக்களிக்கும் முன், “இந்தக் கதைக்கு என்ன சட்டம் இருக்கும்னு நினைக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டு, பதில்களைப் புதிய சார்ட்டில் எழுதிவிடுங்கள். ‘ஆதனின் பொம்மை’யோடு மூன்று வாரம் வாழ்ந்த வகுப்பு, முதல் பக்கத்திலேயே அந்தக் கேள்விக்குத் தயாராக இருக்கும். சார்ட்டை நிரப்பும் பென்சிலை இனி நீங்கள் பிடிக்க வேண்டியிருக்காது.